வாசகர் கேள்வி–பதில்: தேருக்கு முன்னே வெள்ளோட்டம்

எச்.ஐ.வி. மருந்துகள் மனிதர்களிடம் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்று சென்ற இதழில் எழுதியபோது, பெரிய ஆய்வுக்கு முன்பு சிறிய முன்னோடி ஆய்வு ஒன்றை நடத்துவது வழக்கம் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. மருத்துவப் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட மகிழ்ச்சியான தண்டனை கிடையாது. கேள்வி அனுப்பியவர்களின் பெயர்களை, பொருள் கருதி, வெளியிடவில்லை.

நான் செவிலியர் பட்டமேற்படிப்பு மாணவி. ஆய்வேட்டுக்கு முன் ‘பைலட் ஸ்டடி’ செய்தாக வேண்டும் என்றும், மொத்த எண்ணிக்கையில் பத்து சதவீதம் பேரை எடுத்தால் போதும் என்றும் சொல்கிறார்கள். எச்.ஐ.வி. மருத்துவச் சோதனைகளிலும் இதே கணக்குத்தானா? அந்த ஆய்வின் உண்மையான வேலை என்ன? — வாசகி, பாளையங்கோட்டை

தேரைப் பழுது பார்த்த பிறகோ புதிதாகச் செய்த பிறகோ சுவாமியை எழுந்தருளச் செய்யாமல் வெறுந்தேரை ரத வீதிகளில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதை வெள்ளோட்டம் என்கிறோம். அச்சு தாங்குகிறதா, வடம் போதுமா, சக்கரத்துக்குத் தடி போடுகிறவர்களின் கை பழகியிருக்கிறதா, நெல்லை டவுன் வாகையடி முக்கில் தேர் திரும்புமா, எந்த இடத்தில் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்பவைதான் அன்றைய கேள்விகள். அன்று சுவாமி தேரிலேயே இல்லை. ஆகவே தரிசனம் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. முன்னோடி ஆய்வை ‘வெள்ளோட்ட ஆய்வு’ என்றே சிலர் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும், ஏனென்றால் அந்த ஆய்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

எச்.ஐ.வி. ஆய்வு ஒன்றைத் திட்டமிடுகிறவர் அறிய வேண்டியவை, சேர்க்கத் தகுந்தவர்கள் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், அழைத்தால் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஆறாவது மாதத்திலும் வருகிறார்கள், எடுத்த இரத்தம் கெடாமல் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்கிறதா, வினாத்தாளில் உள்ள கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ஒரே பொருள் தருகிறதா என்பன போன்றவை. இவை சில்லறைக் காரியங்களாகத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. முதன்மை ஆய்வின் முடிவில் 270 பேருடைய விவரம் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 20 சதவீதம் பேர் நின்றுவிடுவார்கள் என்று வெள்ளோட்டம் காட்டினால், மாணவர்களில் பலர் 270உடன் அதன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி 324 என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு, 324 பேரில் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 259 பேர்தான். 270ஐ 0.8ஆல் வகுத்து 338 பேரைச் சேர்க்க வேண்டும். நின்றுவிடுகிறவர்கள் 30 சதவீதம் என்றால் அது 386 ஆகும். ஒருவரைச் சேர்க்க நான்கு பேரைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்றும் வெள்ளோட்டத்தில் தெரிந்தால், 338 பேருக்கு 1,352 பேரைப் பரிசோதிக்க வேண்டும். மாதம் 20 பேர் வருகிற மையத்தில் அதற்கு ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மூன்று ஆண்டுக்குப் பணம் வாங்கிய ஆய்வு அந்த இடத்திலேயே அச்சு முறிந்து நின்றுவிடும்.

பத்து சதவீதம் என்பது நம் கல்லூரிகளில் சடங்காகிவிட்டது. அதற்குப் புள்ளியியலில் ஆதாரம் ஏதும் இல்லை. எந்த ஐயத்தைத் தீர்க்க வெள்ளோட்டம் ஓடுகிறதோ அந்த ஐயம்தான் எத்தனை பேர் என்பதை முடிவு செய்ய வேண்டும். வினாத்தாளின் மொழி புரிகிறதா என்று பார்க்கப் பன்னிரண்டு பேர்கூடப் போதலாம். எத்தனை பேர் நிலைப்பார்கள் என்று அறிய அது போதாது: 60 பேரைச் சேர்த்து 48 பேர் நிலைத்தால் 80 சதவீதம் என்று எழுதுவோம், ஆனால் உண்மையான அளவு ஏறத்தாழ 70க்கும் 90க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதேபோல 30 பேருக்கு மருந்து கொடுத்து ஒருவருக்கும் கடுமையான பக்கவிளைவு வரவில்லை என்றால், பக்கவிளைவு இல்லை என்று பொருளல்ல. பத்துப் பேரில் ஒருவருக்கு வரக்கூடிய விளைவுகூட அந்த முப்பது பேரிடம் தலைகாட்டாமல் போகலாம். உங்கள் வழிகாட்டியிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்; பணிவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

நாங்கள் புது ரக நெல் வந்தால் முதலில் ஐந்து சென்டில் நட்டுப் பார்ப்போம். கண்டுமுதல் நன்றாக இருந்தால் மறு பூவில் வயல் முழுவதும் நடுவோம். அப்படியிருக்கச் சிறிய ஆய்வில் மருந்து கேட்டதா இல்லையா என்று பார்க்கக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை. பார்க்காமல் எதற்கு நட வேண்டும்? — விவசாயி, அம்பாசமுத்திரம்

நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரிலிருந்து, அம்பை 16 ரக நெல் விளைகிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது நியாயம்தான். உங்கள் ஐந்து சென்டில் இருபதுக்குப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏறத்தாழப் பத்தாயிரம் குத்துகள் இருக்கும். அத்தனையும் ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே நாளில் நட்டவை. வெள்ளோட்ட ஆய்வில் இருப்பதோ நாற்பது மனிதர்கள். ஒவ்வொருவரும் வேறு விதை, வேறு மண். ஒருவருக்குக் காசநோயும் சேர்ந்திருக்கும், இன்னொருவர் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடாதவர், மூன்றாமவர் குடிப்பவர். அந்த நாற்பதை இருபது இருபதாகப் பிரித்து, புதிய முறையில் 16 பேருக்கும் பழைய முறையில் 13 பேருக்கும் வைரஸ் அளவு கட்டுப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 80 சதவீதத்துக்கு எதிராக 65. பார்த்தவுடன் புதிய முறை வென்றதாகத் தோன்றும். கணக்குப்படி அந்த எண்கள் சொல்வதெல்லாம், புதிய முறை 12 சதவீதப் புள்ளிகள் மோசமாகவும் இருக்கலாம், 42 புள்ளிகள் மேலாகவும் இருக்கலாம் என்பதுதான். மழை வரலாம், வராமலும் போகலாம் என்கிற பஞ்சாங்கத்துக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

இதில் ஏமாந்தால் வருகிற நட்டம் பெரியது. அந்தப் பதினைந்து புள்ளி வேறுபாட்டை உண்மையென்று நம்பி முதன்மை ஆய்வைத் திட்டமிட்டால், ஒரு பிரிவுக்கு 135 பேர் போதும் என்று கணக்கு சொல்லும். உண்மையான வேறுபாடு 80க்கு 75 என்று ஐந்து புள்ளி மட்டுமாக இருந்தால், ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 1,090 பேர் தேவைப்படுவார்கள். எட்டில் ஒரு பங்கு ஆட்களை வைத்துக்கொண்டு நடத்திய ஆய்வு, நல்ல மருந்தையும் பயனற்றது என்று எழுதிவிட்டுப் போகும். எதிர்ப்பக்கத்திலும் இதே ஆபத்து உண்டு: நாற்பது பேரில் வேறுபாடு தெரியவில்லையென்று கைவிடப்பட்ட முறைகளில் எத்தனை நல்லவை இருந்தனவோ. ஐந்து புள்ளி முன்னேற்றமே மருத்துவத்தில் மதிப்புள்ளது என்றால், அந்த ஐந்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத்தான் ஆய்வைத் திட்டமிட வேண்டும். வெள்ளோட்டத்தில் தற்செயலாக வந்த பதினைந்தை வைத்துத் திட்டமிடக் கூடாது.

இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்றை 252 பேரிடம் முதலில் சோதித்தார்கள், எச்.வி.டி.என். 100 என்று அதற்குப் பெயர். உடலில் என்னென்ன எதிர்ப்பு விளைவுகள் எந்த அளவில் தோன்றினால் பெரிய ஆய்வுக்குப் போகலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், தடுப்பூசி அந்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவேற்றியது. அதன்பின் 2016இல் எச்.வி.டி.என். 702 என்ற பெரிய ஆய்வு தொடங்கி, 5,400 பேர் அளவுக்குச் சேர்ந்தார்கள். 2020இன் தொடக்கத்தில் இடைக்கணக்குப் பார்த்தபோது தடுப்பூசி போட்டவர்களில் 129 பேருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 123 பேருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது, ஆய்வு நிறுத்தப்பட்டது. சிறிய ஆய்வை யாரும் தவறாக நடத்தவில்லை. கேட்டதற்கு அது சரியான விடைதான் தந்தது. இரத்தத்தில் தெரிகிற எதிர்ப்பு விளைவு நோயைத் தடுக்குமா என்று அதனிடம் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது நம் பக்கத்தையும் தொட்டது. பெண்கள் தொற்றிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தக்கூடிய செல்லுலோஸ் சல்ஃபேட் என்ற களிம்பைச் சிறு எண்ணிக்கையிலான பெண்களிடம் குறுகிய காலம் சோதித்தபோது பாதுகாப்பானதாகவே தெரிந்தது. பெரிய ஆய்வு தென்னாப்பிரிக்கா, பெனின், உகாண்டா ஆகிய நாடுகளிலும் இந்தியாவில் சென்னை, பாகல்கோட் ஆகிய இடங்களிலும் நடக்கத் திட்டமிடப்பட்டது. 2007 ஜனவரியில், களிம்பைப் பயன்படுத்தியவர்களிடம் தொற்று கூடுதலாகத் தென்படுவதாகச் சந்தேகம் எழுந்ததால் ஆய்வை நிறுத்தினார்கள். சிறிய ஆய்வுகள் காட்டிய பாதுகாப்பு, பெரிய எண்ணிக்கையில் நீண்ட காலத்துக்கு நிற்கவில்லை.

இன்னொன்றும் உங்களுக்கே தெரியும், ஐயா. கார் பருவத்தில் நன்றாக விளைந்தது என்பதற்காகப் பிசானப் பருவத்துக்கும் அதே ரகத்தை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நடுவதில்லை. உங்கள் ஐந்து சென்ட் சோதனையிலும் மடைத்தண்ணீர் வந்து சேர்கிறதா, நாற்று எத்தனை நாளில் பறிக்கத் தோதாகிறது, கதிர் சாய்கிறதா என்பவற்றைப் பார்க்கிறீர்கள் அல்லவா? எங்கள் வெள்ளோட்டம் அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, கண்டுமுதலைப் பெரிய வயலுக்கு விட்டுவிடுகிறது.

முன்னோடி ஆய்வு என்பதும் ‘முதல் கட்டச் சோதனை’ என்பதும் ஒன்றுதானா? — வாசகர், சேரன்மகாதேவி

அல்ல, ஆனால் சில சமயம் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யும். முதல் கட்டச் சோதனை மருந்தின் அளவையும் பாதுகாப்பையும் உடல் அதை எப்படிக் கையாள்கிறது என்பதையும் பார்ப்பது. முன்னோடி ஆய்வு, வரப்போகிற ஆய்வின் நடைமுறையைச் சிறிய அளவில் ஓட்டிப் பார்ப்பது. ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட மருந்துக்கும் அது தேவைப்படலாம்.

எச்.ஐ.வி.க்கு முதலில் வந்த மருந்தான ஏ.இசட்.டி.யை அமெரிக்காவில் 1985இல் 19 நோயாளிகளிடம் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்து 282 பேரிடம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 19 பேரும் மருந்து பெற்றவர்களில் ஒருவரும் இறந்திருந்ததால் 1986 செப்டம்பரில் ஆய்வை இடையிலேயே முடித்து, 1987 மார்ச்சில் அனுமதி வழங்கினார்கள். அந்த நாளில் நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் கொடுத்ததால் பலருக்குக் கடும் இரத்தசோகை வந்தது. 600 மில்லிகிராமே போதும் என்பது பின்னர்தான் தெரிந்தது. மக்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் யாரும் நிதானமாக அளவு பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நிதானமாக நடந்ததற்கு உகாண்டா எடுத்துக்காட்டு. பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரபின் ஒரே ஒரு மாத்திரையும், பிறந்த குழந்தைக்கு ஒரே ஒரு வேளை மருந்தும் கொடுத்தால், குழந்தையின் இரத்தத்தில் மருந்து போதிய அளவு எத்தனை நாள் நிற்கிறது என்பதை 21 கர்ப்பிணிகளிடம் முதலில் பார்த்தார்கள். அந்த அடித்தளத்தின் மேல் 1997இல் தொடங்கிய பெரிய ஆய்வு, குறுகிய கால ஏ.இசட்.டி. பெற்றவர்களோடு ஒப்பிடும்போது, பிறந்து 14 முதல் 16 வாரங்களில் குழந்தைகளின் தொற்று 25.1 சதவீதத்திலிருந்து 13.1 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. இன்று தாய்க்கு முழுக் கூட்டு மருந்தே கொடுக்கப்படுவதால் அந்த ஒற்றை மாத்திரை முறை பழங்கதையாகிவிட்டது.

என் அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் தெருவில் பெரும்பாலும் அந்தத் தொழில்தான். நான் கிராமத்தில் சுகாதாரத் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களைப் போன்ற இடங்களில் ஆய்வு நடத்த வருகிறவர்கள் முன்கூட்டியே எதை அறிந்துகொள்ள வேண்டும்? — வாசகி, முக்கூடல்

வந்த கடிதங்களில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான்.

முதலாவது நாளும் நேரமும். சுளகை மடியில் வைத்து நாள் முழுவதும் சுற்றுகிற ஒரு பெண், குறித்த நேரத்தில் பீடியைக் கடையில் ஒப்படைத்தால்தான் கூலி கணக்கில் ஏறும். காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்றால், ஜங்ஷன் வந்து இன்னொரு பேருந்து மாறி, திரும்பி வீட்டுக்கு வர அன்றைய சுற்று போய்விடும். பேருந்துக் கட்டணத்தைத் திருப்பித் தருகிற ஆய்வுகள்கூட அந்த நாளின் கூலியை மறந்துவிடுகின்றன. வெள்ளோட்டத்தில் ‘வரவில்லை’ என்று பதிவாகிற பெண், மருந்தில் விருப்பமில்லாதவர் அல்ல; ஒப்படைக்கும் நாளில் வரச் சொல்லப்பட்டவர். வருகைப் பட்டியலை மட்டும் எண்ணிவிட்டு, வராதவரிடம் ஏனென்று கேட்காத வெள்ளோட்டம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

இரண்டாவது சொல். சில ஆண்டுகளுக்கு முன், ஒப்புதல் படிவம் ஒன்றின் தமிழ் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல என்னை அழைத்தார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது ‘குலுக்கல் முறையில்’ முடிவாகும் என்று அதில் எழுதியிருந்தது. எனக்கு அது தெளிவாகத்தான் பட்டது. படிவத்தை உரக்க வாசித்துக் காட்டியபோது, கேட்டுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் நிமிர்ந்து, “அப்போ குலுக்கல்ல பேரு விழுந்தாத்தான் மருந்து தருவியளா?” என்று கேட்டார். அவருக்குக் குலுக்கல் என்றால் பரிசுக் குலுக்கல்; பெயர் விழாதவருக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு பிரிவினருக்குமே சிகிச்சை உண்டு, எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரோ நோயாளியோ தேர்ந்தெடுப்பதில்லை என்பதை விளக்க மூன்று வாக்கியங்கள் கூடுதலாக எழுத வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்குத் தோன்றாதது அந்த அம்மாவுக்கு ஒரு நொடியில் தோன்றியது.

மூன்றாவது மாத்திரை டப்பா. கூட்டு மருந்து முப்பது மாத்திரை கொண்ட பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. பையில் வைத்து நடந்தால் கலகலவென்று ஓசை எழும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் என்ன மாத்திரை என்று கேட்டுவிடுவாரோ என்று, வீட்டுக்கு வரும் முன்பே மாத்திரைகளை வேறு காகிதத்துக்கு மாற்றி டப்பாவை வீசிவிடுகிறவர்கள் உண்டு. மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணி யார் ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று கணக்கிடுகிற ஆய்வு, அந்த டப்பா திரும்பி வராதபோது என்ன செய்யும்? இது சிறிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ‘வாய்ஸ்’ என்ற ஆய்வைச் சொல்வேன். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 5,029 பெண்களிடம் தடுப்பு மாத்திரையும் களிம்பும் சோதிக்கப்பட்டன. வாய்மொழியாகக் கேட்டபோது ஏறத்தாழ 90 சதவீதம் ஒழுங்காகப் பயன்படுத்துவதாகப் பதில் வந்தது. திருப்பித் தந்த மாத்திரைகளை எண்ணினாலும் கணக்கு அதை ஒட்டியே இருந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது, எடுத்த மாதிரிகளில் 30 சதவீதமோ அதற்குக் குறைவாகவோதான் மருந்து இருந்தது. மருந்து வேலை செய்யுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வால் விடை சொல்ல முடியாமற்போனது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன், எச்.ஐ.வி. மருந்து வீட்டில் இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். சிறிய அளவில், தொடக்கத்திலேயே, இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பது எச்.ஐ.வி. வெள்ளோட்டங்களில் இன்று வலியுறுத்தப்படுவது இதனால்தான்.

நான்காவது கைப்பேசி. பதிவேட்டில் பெண் தருகிற எண் பல வீடுகளில் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கிறது. நினைவூட்டும் குறுஞ்செய்தி யார் கண்ணில் படும் என்று கேட்டு அறியாமல் ஒரு செய்திகூட அனுப்பக் கூடாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரது சம்மதமின்றிப் பரிசோதனையோ சிகிச்சையோ ஆய்வோ செய்யக் கூடாது என்றும், அவரது நிலையை வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளில் ஒரு நுணுக்கம் உண்டு: புத்தம் புதிய மருந்துச் சோதனையில், நலிந்த நிலையில் உள்ளவர்களிடம் ஒப்புதல் பெறுவதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியிலிருந்து எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு மட்டும் விலக்கு அளித்து, குரல் பதிவே போதும் என்று வைத்திருக்கிறார்கள். முகம் பதிவாகக் கூடாது என்பதுதான் காரணம். குரலும் ஊருக்குள் அடையாளம்தான் என்று உங்களைப் போன்றவர்கள் எடுத்துச் சொன்னால், அதுவும் வெள்ளோட்டத்தின் கண்டுபிடிப்பே.

ஊரிடம் கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா சான்று. பாலியல் தொழிலாளர்களிடம் டெனோஃபோவிர் மாத்திரையைத் தடுப்பு மருந்தாகச் சோதிக்கத் திட்டமிட்டிருந்தார்கள்; ஆய்வுக் காலத்தில் உடல்நலம் கெட்டால் பின்னர் யார் பார்ப்பார்கள் என்று அந்தப் பெண்களின் அமைப்புகள் கேட்டன; மனநிறைவு தரும் பதில் வரவில்லை; 2004 ஆகஸ்டில் அந்நாட்டுப் பிரதமரே ஆய்வை நிறுத்திவிட்டார். ஒருவருக்கும் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காமல் தேர் நிலையிலேயே நின்றுபோனது.

தமிழ்நாட்டில் இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றனவா? — ஆசிரியர், நாங்குநேரி

நடந்திருக்கின்றன. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986இல் சென்னையில்தான்; கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். சுனிதி சாலமன் பின்னர் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், எச்.பி.டி.என். 052 என்ற உலகளாவிய ஆய்வில் இடம்பெற்றது. தம்பதியரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கும்போது, அவருக்குச் சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் மற்றவருக்குப் பரவுவது குறையுமா என்பது கேள்வி. இப்படிப்பட்ட தம்பதியரைக் கண்டுபிடிப்பதும், இருவரையும் ஒருசேர ஆண்டுக்கணக்கில் வரவழைப்பதும் எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் 2005 ஏப்ரலில் வெள்ளோட்டக் கட்டத்தைத் தொடங்கி, முழு அளவிலான சேர்க்கையை 2007 ஜூனில்தான் ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண்டு காத்திருப்பு வீண் என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியர் சேர்ந்தார்கள். 2011இல் இடைக்கணக்குப் பார்த்தபோது, துணைவரிடமிருந்தே வந்தது என்று உறுதியான 28 தொற்றுகளில் 27 சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்கிய பிரிவில் இருந்தன, ஒன்றே ஒன்று முன்கூட்டித் தொடங்கிய பிரிவில். பரவல் 96 சதவீதம் குறைந்தது.

சென்னையில் 2006இல் எச்.ஐ.வி. தடுப்பூசி ஒன்றின் முதல் கட்டச் சோதனை, தொற்று இல்லாத 32 தன்னார்வலர்களிடம் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளோட்டத்தில் சேர்ந்தவர்களைப் பெரிய ஆய்விலும் சேர்த்து எண்ணலாமா? — மாணவர், பாளையங்கோட்டை

வெள்ளோட்டத்துக்குப் பின் நடைமுறை எதுவும் மாறவில்லை, சேர்த்து எண்ணப்போகிறோம் என்று முன்பே எழுதி வைத்தோம் என்றால் எண்ணலாம். படிவமோ மருந்தின் அளவோ பிரிக்கும் முறையோ மாறியிருந்தால் கூடாது. விளைவைப் பார்த்துவிட்டு, நன்றாக வந்ததால் சேர்த்துக்கொள்வோம் என்பது பரீட்சை எழுதிய பின் கேள்வித்தாளைத் தேர்ந்தெடுப்பது போன்றது.

எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தொற்று உண்டு, ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்தில் நன்றாக இருக்கிறேன். முன்னோடி ஆய்வு ஒன்றில் சேருமாறு என்னைக் கேட்டால் என் மருந்தை நிறுத்திவிடுவார்களா? எனக்கு அதனால் என்ன பயன்? ஒப்புதல் படிவத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறார்கள். அம்மாவுக்கு என் நிலை தெரியாது. — வாசகர், வள்ளியூர்

இப்போது எடுக்கும் மருந்தை நீங்களாக ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். ஓர் ஆய்வில் மருந்து மாறுவதாக இருந்தால், எது மாறும், எத்தனை நாளுக்கு, வைரஸ் அளவு கூடினால் உடனே என்ன செய்வார்கள் என்பது படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சேர மறுத்தாலும், சேர்ந்து பாதியில் விலகினாலும், உங்கள் ஏ.ஆர்.டி. மையத்தில் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா, இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவகத்தில் முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிவானதா என்றும் கேட்கலாம். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் நான் சேர மாட்டேன்.

பயன் பற்றி ஒளிக்காமல் சொல்வதென்றால், வெள்ளோட்டத்தில் சேர்கிறவருக்கு நேரடிப் பயன் குறைவு. மருந்து நல்லதா என்ற விடைகூட அதில் கிடைக்காது. சேர்கிறவர் தருவது தம் நேரத்தையும் இரத்தத்தையும். அவற்றுக்கு ஈடாக, ஆய்வு என்ன கண்டது, பெரிய ஆய்வு நடக்குமா நடக்காதா, நடக்காவிட்டால் ஏன் என்பதை அவருக்குத் தெரிவிப்பது கடமை என்பது என் கருத்து. முடிவு சாதகமாக இல்லாத வெள்ளோட்டங்கள் அச்சேறாமல் அலமாரியில் தூங்குவது எங்கள் துறையின் பழைய வழக்கம். அதே பள்ளத்தில் அடுத்தவர் தேரும் இறங்குவது அதனால்தான். இன்னொன்று: ஆய்வுக்காரர் வேறு மருந்து ஏதும் தந்தால் மையத்து மருத்துவரிடமும், அங்கே எடுக்கும் மருந்தின் பெயரை ஆய்வுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்தான டோலுடெகிராவிரின் அளவை உடலில் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்து எடுப்பவருக்கு டோலுடெகிராவிர் 50 மில்லிகிராமை ஒருவேளைக்குப் பதில் இருவேளை கொடுப்பது அதனால்தான்.

படிவத்தின் நகல் உங்கள் உரிமை. அதை வீட்டில் வைத்தே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. மையத்தில் உங்கள் கோப்பிலேயே வைத்து, வேண்டும்போது வாசிக்கத் தருமாறு கேளுங்கள்; நகல் தர முன்வந்தார்கள், நீங்களே மையத்தில் வைக்கச் சொன்னீர்கள் என்று ஒரு வரி எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் போட்டுவிட்டால் அவர்களுக்கும் சிக்கல் இல்லை. உங்களைப் போல எத்தனை பேர் நகலை எடுத்துச் செல்லத் தயங்கினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய ஆய்வின் படிவத்தை அடுத்து எழுதப்போகிறவருக்கு அந்த எண் தேவைப்படும்.